வாய் திறக்காத டபிள்யூவும் கோணலான சொற்களும்

வாட்ஸ்அப்புல இப்ப ஒரு வகைப் படம் சரியா சுத்துது, நீங்களும் பார்த்திருப்பீங்கள், மேல பெரிய எழுத்தில ‘ஜிஎச் வாற ஐம்பது இங்கிலீஸ் சொற்கள்’ எண்டு இருக்கும், கீழ ரெண்டு நிரல், இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் தமிழ்க் கருத்து, சுத்திவர பூப்போட்ட போடர். நாளைக்கு ‘கியூ வாற சொற்கள்’, நாளையிண்டைக்கு ‘இசட்டில முடியிற சொற்கள்’. என்னட்டப் படிக்கிற பிள்ளையளின்ர அம்மாமார் அதை எனக்கு அனுப்பி, ‘சேர் இதைப் பாடமாக்கச் சொல்லட்டோ’ எண்டு கேப்பினம். பாடமாக்கினா ஒண்டும் கெட்டுப்போகாது எண்டுதான் சொல்லுறனான். ஆனா உள்ளுக்க ஒரு எரிச்சல் இருக்கு, அதைத்தான் இங்க கொட்டுறன்.

எழுத்தை வச்சுச் சொற்களைக் கூட்டம் கூட்டமாப் பிரிக்கிற யோசனை பிழையில்ல, சொல்லப்போனா நல்ல யோசனை. ஆனா எந்த எழுத்தை வச்சுப் பிரிக்கிறது எண்டதிலதான் விசயம் இருக்கு. இசட்டில முடியிற சொற்களுக்குள்ள என்ன உறவு? ஒண்டுமில்ல, பஸ்ஸில பக்கத்துப் பக்கத்து சீட்டில இருந்த ஆக்கள், அவ்வளவுதான். அதே நேரம் சில சொற்களின்ர தலையில ரெண்டு எழுத்துச் சேர்ந்து நிக்கும், அந்த ரெண்டு எழுத்து இருந்தாலே கருத்திலயும் ஒரு சாடை இருக்கும். அப்பிடிப்பட்ட கூட்டத்தைப் பிடிச்சா பத்துச் சொல்லைப் பாடமாக்கத் தேவையில்ல, ஒண்டை விளங்கினா மற்றது தானா வரும்.

பின்னேரத்தில திருகோணமலையில எங்கட வீட்டு விறாந்தையில கொஞ்சப் பிள்ளையள் படிக்கிறவை, கூடுதலா திருக்கடலூர்ப் பக்கத்துப் பிள்ளையள், தகப்பன்மார் கடலுக்குப் போறவை. ஓஎல் சோதினைக்கு இங்கிலீஸ் எண்டாலே முகம் கறுத்துப் போகும், அதிலயும் சொல்வதெழுதல் எண்டு சொன்னா ஒருத்தருக்குத் தண்ணி விடாய்க்கும், ஒருத்தருக்குப் பாத்ரூம் வரும். ஒருநாள் ஒரு பொடியன் பேனையை மேசையில போட்டுட்டுக் கேட்டான், ‘சேர், சொல்லாத எழுத்தை ஏன் சேர் எழுதுறது, ரோங் எண்டு ஆர்லதானே சத்தம் தொடங்குது, முன்னால ஏன் டபிள்யூ?’ நியாயமான கேள்வி. கொப்பியில இருக்கிற டபிள்யூ-ஆர் சொல்லெல்லாத்தையும் சொல்லுங்கோ பாப்பம் எண்டன்.

ரிஸ்ட், மணிக்கட்டு. ரிங், மோதிர ரிங் இல்ல, டபிள்யூ போட்டு எழுதுற ரிங், ஈரத் துணியை முறுக்கிப் பிழியிறது. ரென்ச், அதை விளக்கத் தேவையில்ல, போட் எஞ்சின் கழட்டுற வீட்டில பிறந்த பிள்ளையள், பைப் ரென்ச் பார்க்காத ஆளில்ல. ரிங்கிள், தோல் சுருக்கம், சட்டையில விழுற சுருக்கமும் அதுதான். ரிகில், புழு நெளியிற மாதிரி நெளியிறது. ரெஸில், மல்லுக்கட்டுறது, டிவியில பார்க்கிறது. ரீத், மலர்வளையம். நிலாவெளி ரோட்டில இருக்கிற யுத்த மயானத்தில வைக்கிறவையே, அது. ரைத் எண்டு இன்னொண்டு, நோவில உடம்பை முறுக்கித் துடிக்கிறது. ரை எண்டா ஒரு பக்கம் கோணின மாதிரிச் சிரிப்பு, முகத்தைக் கோணுறது. ராங்கிள், விடாமல் வாக்குவாதப்படுறது.

எழுதிப்போட்டு இதில எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்கு எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. பிறகு பின்னால இருந்த ஒரு பிள்ளை கையை முறுக்கிக் காட்டிச்சு, வாயால சொல்லேல்ல, கையைத்தான் முறுக்கிச்சு. அதேதான். முறுக்கு, சுருள், வளைவு, கோணல். மணிக்கட்டு எண்டா கை திரும்புற மூட்டு. மல்யுத்தம் எண்டா கையைக் காலைத் திருகுறது. ரீத் எண்டா வளைச்சுக் கட்டின பூ. ராங்கிளும் ரிங்கும் ஒரே வீட்டுச் சொற்கள்தான், ஆளை ஆள் பிழிஞ்செடுக்கிற வாக்குவாதம். இதுகள் எல்லாம் திருப்புறது வளைக்கிறது எண்ட கருத்தில இருந்த மிகப் பழைய ஒரு வேரில இருந்து வந்ததெண்டு மொழி ஆராய்ச்சிக்காரர் சொல்லுவினம்.

இப்ப ரோங்குக்கு வருவம். அதுவும் இந்தக் கூட்டம்தான். பிழை எண்ட கருத்து பிறகுதான் ஏறினது, அடியில கோணல், வளைஞ்சது எண்டதுதான். வடக்க இருந்து கப்பலில வந்த நோர்ஸ்காரர் இங்கிலாந்தில விட்டுட்டுப் போன சொல் அது. அதுக்கு எதிர்ச்சொல் ரைட்டைப் பாருங்கோ, அதுக்கு அடியில நேர், வளையாதது எண்ட கருத்து இருக்கு. ரைட் எண்டா நேர், ரோங் எண்டா கோணல். இதைச் சொல்லேக்க எனக்கே மயிர் கூச்செறிஞ்சுது, ஏனெண்டா தமிழிலயும் நாங்கள் நேர்மை எண்டுதானே சொல்லுறம், கோணல் புத்தி எண்டுதானே ஏசுறம். ‘அவன் ஒரு நேரான ஆள்’ எண்டா எங்கட அம்மம்மாவுக்கும் விளங்கும், இங்கிலாந்தில எந்தக் கிழவிக்கும் விளங்கும்.

இன்னொண்டு, இந்தக் கோண் எங்கட ஊர்ப் பேரிலயே நிக்குது. திருக்கோணமலையை முக்கோண மலை எண்டு விளக்கிறவையும் இருக்கினம், கோணேசர் இருக்கிற மலை எண்டு சொல்லுறவையும் இருக்கினம், சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில பாடேக்க கோணமாமலை எண்டுதான் பாடினவர். எது சரி எண்டு நான் தீர்ப்புச் சொல்ல வரேல்ல, அதைத் தொட்டா சண்டை, பிறகு ராங்கிள்தான். ஆனா பிள்ளையளுக்கு கோணல், கோணம், கோணுறது எண்டு தமிழில ஒரு கூட்டத்தை எழுதிக் காட்ட இதைவிட நல்ல ஊர் கிடைக்குமே?

தமிழில இதைவிடப் பெரிய கூட்டம் சு-வில இருக்கு. சுருள், சுருட்டு, சுருக்கு, சுருங்கு, சுற்று, சுழல், சுழி, சுளுக்கு, முகத்தைச் சுளிக்கிறது. மேல சொன்ன டபிள்யூ-ஆர் சொல்லுகளுக்குப் பக்கத்தில ஒவ்வொண்டா வச்சுப் பாருங்கோ. ரிங்கிளுக்குச் சுருக்கம், ரென்சுக்குச் சுளுக்கு (காலை ரென்ச் பண்ணிட்டன் எண்டா சுளுக்கிட்டன் எண்டுதான் கருத்து), ரை எண்டதுக்கு முகம் சுளிக்கிறது. பிள்ளையளுக்கு இதைக் காட்டின பிறகு டபிள்யூ-ஆரில ஆரும் டபிள்யூவை விடேல்ல எண்டு பொய் சொல்லமாட்டன், விட்டவை. ஆனா விட்டவைக்கு எங்க விட்டது எண்டு தெரியும்.

எல்லாம் இதுக்குள்ள அடங்காது, அதையும் சொல்லத்தான் வேணும். ரைட், டபிள்யூ போட்டு எழுதுறது, எழுத்து எழுதுற ரைட், அது முறுக்கு இல்ல. அதுக்கு அடியில கீறுறது, பிராண்டுறது எண்ட கருத்து, கல்லிலயும் மரத்திலயும் கீறின காலத்துச் சொல். நாங்கள் படம் கீறுறது எண்டு சொல்லுறமே, இந்தியாவில வரையிறது எண்டுவினம், எங்கட வாயில கீறுறதுதான், அந்தக் கீறல். அதேபோல ரெக், உடைஞ்ச கப்பல். அதுக்கு அடியில கடல் அடிச்சுக்கொண்டு வந்து கரையில ஒதுக்கின சாமான் எண்ட கருத்து. திருகோணமலைப் பிள்ளையளுக்கு ரெக் எண்டா படம் போட்டு விளக்கத் தேவையில்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர் குண்டு போட்டதில துறைமுகத்தில அடிபட்ட சாகைங் எண்ட கப்பல் 2018 வரைக்கும் தண்ணிக்குள்ள கிடந்துது, கடற்படைக்காரர் அதை மிதக்க வச்சு வெளிய எடுத்த செய்தி எல்லாரும் பார்த்ததுதான். அண்டைக்குத்தான் ஹெர்மிஸ் எண்ட விமானம் தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புப் பக்கம் தாண்டது.

சரி, அந்தப் பொடியன்ர கேள்விக்கு வருவம், சத்தமில்லாத எழுத்து ஏன்? முதல் சத்தம் இருந்தது, அதுதான் பதில். பழைய இங்கிலீஸ்காரர் டபிள்யூவையும் சொல்லித்தான் ஆரைச் சொன்னவை. 17ஆம் நூற்றாண்டுப் பக்கம்தான் லண்டன் வாயில அது தேஞ்சு போச்சு, ஆனா அதுக்குள்ள அச்சு வந்திட்டுது, எழுத்து இறுகிப் போட்டுது. இப்ப அந்த டபிள்யூ எங்கட பேருக்கு முன்னால போடுற இனிஷியல் மாதிரி. றோட்டில ஆரும் இனிஷியல் சொல்லிக் கூப்பிடுறேல்ல, ஆனா ஐடென்டிட்டி காட்டில அது இல்லாட்டி நீங்கள் ஆற்ற பிள்ளை எண்டு தெரியாது. ஒல்லாந்துக்காரர் இண்டைக்கும் முன்னெழுத்தைச் சொல்லுறவை, பிழியிறதுக்கு அவையின்ர சொல்லில வ் சத்தம் கேக்கும், முழங்காலுக்கு க்னீ எண்டுவினம். டச் பே கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வாறதுகளுக்குள்ள ஒரு ஒல்லாந்துக்காரர் அம்பிட்டா கேட்டுப் பாருங்கோ, கே வடிவாக் கேக்கும்.

முழங்கால் எண்ட உடன கே-என் கூட்டத்துக்கு வந்திட்டம். இது எனக்கு டபிள்யூ-ஆரைவிடப் பிடிச்ச கூட்டம், ஏனெண்டா இது முழுக்கக் கடற்கரைக் கூட்டம். நொட், முடிச்சு. நிட், பின்னுறது, அதுகூட முடிச்சுப் போடுறது எண்ட சொல்லில இருந்து வந்ததுதான், நொட்டும் நிட்டும் சகோதரங்கள். வலை பொத்துற ஆளைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு இது ரெண்டும் ஏன் ஒரே வீடு எண்டு சொல்லித்தரத் தேவையில்ல. பிறகு நக்கிள், விரல் மொளி. நொப், கதவுக் குமிழ். நோல், சின்ன மேடு, திட்டி. நீட் எண்டா மா குழைக்கிறது. நீ, முழங்கால். எல்லாத்திலயும் திரண்டு உருண்டு முட்டிக்கொண்டு நிக்கிற ஒரு சாமான் இருக்கு பாருங்கோ. தமிழில மு-வுக்கும் மொ-வுக்கும் போங்கோ: முடிச்சு, முட்டி, முழங்கால், முண்டு, மொளி, மொட்டு. இங்கயும் அந்தத் திரட்சி.

நொட் எண்டதைப் பற்றி ஒண்டு சொல்லாமல் போகேலாது. வானிலை அறிக்கையில காத்து இத்தனை நொட் எண்டு வரும், கடலுக்குப் போறவை எல்லாம் கேக்கிறது, அது சும்மா பேர் இல்ல, உண்மையான முடிச்சுத்தான். பாய்க்கப்பல் காலத்தில ஒரு பலகைத் துண்டைக் கயிறில கட்டிக் கடலுக்குள்ள போடுவினம், கயிறில கிட்டத்தட்ட 14.4 மீற்றருக்கு ஒரு முடிச்சு இருக்கும், கப்பல் போகப் போகக் கயிறு ஓடும், 28 செக்கன் மணல் கடிகாரம் முடியிறதுக்குள்ள கையால எத்தனை முடிச்சுப் போச்சு எண்டு எண்ணினா அதுதான் கப்பலின்ர வேகம். ஒரு நொட் எண்டா மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீற்றர். இதைச் சொன்ன அண்டைக்கு வகுப்பில இங்கிலீஸ் நிண்டுட்டுது, கணக்கு ஓடிச்சு, தகப்பன்ர போட் எத்தனை நொட் ஓடும் எண்டு பெரிய சண்டை.

நக்கிளும் எங்களுக்குத் தூரமான சொல் இல்ல. மாத்தளை கண்டிப் பக்கம் இருக்கிற நக்கிள்ஸ் மலையைத் தெரியும்தானே, பொத்திப் பிடிச்ச கையின்ர மொளி வரிசை மாதிரித் தூரத்தில தெரியுது எண்டு வெள்ளைக்காரன் வச்ச பேர். டூர் போன பிள்ளையள் பேரைச் சொல்லுதுகள், ஆனா கே போட்டு எழுதத் தெரியாது.

கே-என்னில ரெண்டு சொல்லு தனியா நிக்குது, நைட்டும் நேவும். இரவு நைட் இல்ல, குதிரையில வாற வீரன் நைட். நேவ் எண்டா கெட்டவன், சீட்டுக்கட்டில ஜாக்குக்குப் பழைய பேர். ரெண்டுக்கும் அடியில ஒரே கருத்துத்தான், பொடியன். வேலைக்கு நிண்ட பொடியன். ஒருத்தன் அரசனுக்குப் பக்கத்தில நிண்டு பெரிய ஆளாயிட்டான், மற்றவன் களவாணி எண்டு பேர் எடுத்திட்டான். சொல் ஏன் இப்பிடி மாறும் எண்டு ஆச்சரியப்படுறவை, பொடியன், பொடியள் எண்ட சொல் எங்கட பக்கம் ஒரு காலத்தில என்ன கருத்தில ஓடினது எண்டு வயசுபோன ஆக்களிட்டக் கேக்கலாம்.

கே-என்னில தொடங்கிற பேரோட எங்கட மாவட்டத்துக்கே ஒரு ஆள் வந்தவர், றொபேட் நொக்ஸ் எண்ட இங்கிலாந்துக் கப்பல்காரர். 1659இல மசூலிப்பட்டினத்தில புயலில பாய்மரம் போன கப்பலைத் திருத்த தகப்பனும் மகனும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவை, அங்கால மூதூர்ப் பக்கம். 1660இல கண்டி அரசன் இராஜசிங்கன்ர ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போட்டினம், தகப்பன் அங்கயே செத்துட்டார், மகன் 1679இல தப்பி ஒல்லாந்தரிட்டப் போய்ச் சேர்ந்து 1681இல லண்டனில இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டார். நொக்ஸ் எண்ட குடும்பப் பேர் ஸ்கொட்லாந்துப் பக்கம் சின்ன மலையைக் குறிக்கிற சொல்லில இருந்து வந்தது, அந்த நோல் மேட்டோட ஒத்துப்போற கருத்து. அவர் இஞ்ச மறியலில கிடந்த காலத்திலதான் லண்டனில கே தேஞ்சுகொண்டிருந்தது. திரும்பிப் போகேக்க அவற்ற பேரை அவற்ற ஊரிலயே வேற மாதிரிச் சொல்லியிருப்பினமோ எண்டு எனக்கு ஒரு யோசனை, ஆதாரமில்ல, சும்மா ஒரு யோசனை.

எஸ்-என், ஜி-எல் ரெண்டையும் ஓட்டமாச் சொல்லுறன், இதுகளில சத்தமில்லாத எழுத்து இல்லாதபடியால லேசு. ஸ்னோர் குறட்டை, ஸ்னீஸ் தும்மல், ஸ்னிஃப் மோப்பம், ஸ்னவுட் மிருகத்தின்ர மூஞ்சி, ஸ்னோட் மூக்குச்சளி, எல்லாம் மூக்கு. தமிழில மூக்கு, மூச்சு, மூசுறது. கிளிட்டர், கிளோ, கிளீம், கிளின்ட், கிளிமர், எல்லாம் வெளிச்சம். தமிழில மின்னல், மினுக்கம், மினுங்குறது, மின்மினி. கிளாட், சந்தோசம், அதுகூடப் பழைய இங்கிலீஸில மினுங்குறது எண்ட கருத்திலதான் இருந்தது, முகம் மினுங்கினா சந்தோசம்தானே. இப்பிடிப்பட்ட எழுத்துச் சோடிக்கு ஃபோனஸ்தீம் எண்டு 1930இல பேர் வச்சவர் ஃபேர்த் எண்ட ஆங்கிலேயர். பல்கலைக்கழகத்தில மொழியியல் பெரிய ஆளா வரமுதல் அவர் லாகூரில இங்கிலீஸ் படிப்பிச்சவர். எனக்கு அது பிடிச்ச தகவல், வேற தாய்மொழிப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போற ஆளுக்குத்தான் இதெல்லாம் கண்ணில படும் எண்டு நான் நினைக்கிறன்.

இந்த இடத்தில சில ஆக்கள் எழும்பி, பார்த்தீங்களா இங்கிலீசே தமிழில இருந்து வந்தது எண்டுவினம். தயவு செய்து வேண்டாம். சு-வும் டபிள்யூ-ஆரும் ஒரு வேர் எண்டு நான் சொல்லேல்ல, ரெண்டு மொழியும் தன்ர தன்ர பாட்டில சொற்களைக் கூட்டம் சேர்த்து வச்சிருக்கு எண்டுதான் சொல்லுறன். ஸ்னேக்கும் ஸ்னோவும் எஸ்-என்தான், மூக்கோட ஒரு சம்பந்தமும் இல்ல. கிளவ் கையுறை, ஒரு மினுக்கமும் இல்ல. கூட்டம் எண்டா வெளியாளும் நிப்பான்.

கள்ள இனிஷியல் போட்ட சொற்களும் இருக்கு, அதுதான் பெரிய பகிடி. ஐலண்டில இருக்கிற எஸ் ஒருகாலமும் ஆற்ற வாயிலயும் கேக்காத எஸ். பழைய இங்கிலீஸில அந்த எழுத்தே இல்ல, பிறகு படிச்ச ஆக்கள் ஐல் எண்ட வேறொரு சொல்லோட, லத்தீன்காரன்ர இன்சுலாவில இருந்து வந்ததோட, சொந்தம் எண்டு நினைச்சுச் செருகிவிட்டவை. தீவில பிறந்து, ஞாயிற்றுக்கிழமை புறாத்தீவுக்குப் போய், அந்த எஸ்ஸை விட்டதுக்கு மார்க் குறையிற பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்ல! டெட், கடன், அதில இருக்கிற பி-யும் லத்தீனைக் காட்டப் போட்டது. கோஸ்ட், பேய், அதில ஜிக்குப் பக்கத்தில நிக்கிற எச் அச்சுக்காரர் வேலை, காக்ஸ்டன் எண்டவர் இப்ப பெல்ஜியத்தில இருக்கிற புரூஜ் நகரத்தில அச்சு வேலை செய்திட்டு 1476இல வெஸ்ட்மின்ஸ்டரில அச்சகம் போட்டவர், அந்தப் பக்கத்து எழுத்துப் பழக்கம் கூட வந்திட்டுது.

இங்கிலீஸ்காரனுக்கு விசர் எண்டு பிள்ளையள் சிரிக்குதுகள். சிரிக்கட்டும். ஆனா அதே பிள்ளையளின்ர தமிழ்க் கொப்பியைத் திறந்தா ந-வுக்கு ன, ன-வுக்கு ண, சத்தத்தில ந-வும் ன-வும் இப்ப ஆருக்கும் வித்தியாசம் தெரியாது, எழுத்தில மட்டும் ரெண்டு. தமிழ்ப் பாட ரீச்சர் சிவப்புப் பேனையால சுழிச்சு விடுவா, ஒருத்தரும் தமிழனுக்கு விசர் எண்டு சொல்லுறேல்ல.

இப்ப எஸ்-டி-ஆர் கூட்டம் நடக்குது. ஸ்ட்ரிங் நூல், ஸ்ட்ரிப் நீளத் துண்டு, ஸ்ட்ராப் பட்டி, ஸ்ட்ரீட் றோட்டு, ஸ்ட்ரீம் ஓடை, ஸ்ட்ரைப் கோடு, ஸ்ட்ரெச் நீட்டுறது, நீட்டினது எண்ட பழைய வடிவம்தான் ஸ்ட்ரெயிட், நேர். எல்லாம் ஒடுக்கமா நீளமாப் போற சாமான். பிள்ளையளே தமிழில நீளம், நீட்டு, நீட்டம், நீடிப்பு எண்டு அடுக்கிட்டுதுகள், நான் வாயே திறக்கேல்ல. ஸ்ட்ரோ, சோடா குடிக்கிற குழாய், அதுவும் நீளம் எண்டு ஒருத்தி எழுதினாள். உடன பக்கத்தில இருந்தவன், ‘அப்ப ஸ்ட்ரோபெரி சேர்?’ எண்டான். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. ஒரு கோஷ்டி ஸ்ட்ரோபெரிக் கொடி மண்ணில நீளமா ஓடும்தானே எண்டு வாதாடுது, மற்றக் கோஷ்டி யோகட் கப்பில தவிர அதை ஒருத்தரும் கண்ணால கண்டதில்ல, வெளியாள் எண்டு தள்ளச் சொல்லுது, கரும்பலகையில அது இன்னும் கோட்டுக்கு நடுவில எழுதினபடி இருக்கு.